தம்பி பிறந்ததிலிருந்து கடிக்கிறாள், என்ன செய்வது?

வணக்கம். மகளுக்கு இரண்டரை வயது, தம்பி பிறந்து 2 மாதம் ஆகிறது. அதிலிருந்து ப்ளே ஸ்கூலில் யாராவது அவள் பொம்மையைத் தொட்டாலே கையைக் கடித்து வைக்கிறாள், நேற்று பல் தடம் பதிந்து அந்தக் குழந்தையின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். இந்த வயதில் பகிர்ந்து விளையாடத் தெரியாது, கோபத்தைச் சொல்ல வார்த்தையும் போதாது, அது புரிகிறது. மாமியாரோ "நீ திருப்பிக் கடி, அப்பதான் வலி தெரியும்" என்கிறார் (கடிக்கலாம் போல என்றுதானே கற்றுக்கொள்வாள்?). "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று சுருக்கமாகச் சொல்லி நகர்த்திவிடுகிறேன், தம்பி தூங்கும்போது அவளோடு மட்டும் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். வீட்டில் குறைந்துவிட்டது, அங்கே குறையவில்லை. இதைத் தாண்டி வந்தவர்கள் டீச்சரிடம் என்ன சொல்லி வைத்தீர்கள்? எத்தனை நாளில் நின்றது?