கிரேக்க காமெடி யாப்பு தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

ஒரு சின்ன ஹெல்ப் வேணும். கி.மு. 405ல அரங்கேறின அரிஸ்டோபனீஸோட 'தவளைகள்' நாடகத்த மூலத்துலயே படிச்சிட்டு இருக்கேன், வசனம் பெரும்பாலும் ஐயாம்பிக் டிரைமீட்டர் (குறிலும் நெடிலும் மாறி மாறி வர்ற ஒரு யாப்பு), டிராஜெடில அது ஓரளவு 12 அசைக்குள்ள அடங்கிடும், இங்க மனுஷன் ஒத்தக் குறில் வர வேண்டிய இடத்துல கூட ரெண்டு குறில அள்ளிப் போடறாரு, எண்ணி எண்ணி விரலே தேஞ்சிருச்சு.

தவளைங்க கத்துற வரி மட்டும் பிடிபட்டுச்சு: பிரெகெகெகெக்ஸ் கொஅக்ஸ் கொஅக்ஸ். முதல் ரெண்டு குறிலும் சேர்ந்து ஒரு நெடில் கணக்கு, கெக்ஸ், அக்ஸ் எல்லாம் ஒற்று வர்றதால நெடில் மாதிரி. இந்த யாப்பு அளவுக்கு லெகிதியன் (சின்ன எண்ணெய்க்குப்பி)னு பேரு, அந்தப் பேரே இதே நாடகத்துல வர்ற எண்ணெய்க்குப்பி ஜோக்குல இருந்துதான் வந்துச்சு, செம!

என் டவுட் இதான். வாய்விட்டுப் படிக்கும்போது அந்த ரெண்டு குறிலையும் ஒரு நெடில் நேரத்துக்குள்ள ஓட்டிடணுமா, இல்ல சும்மா பேசுற மாதிரி விட்டுடலாமா? ப்ர, ட்ர மாதிரி ரெண்டு மெய் சேர்ந்து வந்தா முன்னாடி இருக்கற குறில் காமெடில பெரும்பாலும் குறிலாவேதான் நிக்குது, அத வேற எப்ப நீட்டணும்? நல்ல ஆடியோ ஏதாச்சும் இருந்தாலும் சொல்லுங்க ப்ளீஸ், சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி படிச்சுக் காட்டணும்.