பட்டாளம் வந்து இறங்கினால் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? வெலிங்டன், குன்னூர் பக்கத்து அனுபவங்கள்

வெலிங்டன் கணக்கு டீச்சர்

நம்ம வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு (முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி) வெளிநாட்டு அதிகாரிகளும் குடும்பத்தோடு படிக்க வருவார்கள், தெரியும்தானே. போன வருடம் அப்படி வந்த ஓர் அமெரிக்க வீட்டுப் பையனுக்கு டியூஷன் எடுத்தேன். அவன் அம்மா முன்பு பசிபிக் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான குவாம் தீவில் அரசுப் பள்ளி ஆசிரியை. பாடம் முடிந்து டீ குடிக்கும்போதெல்லாம் அந்தத் தீவுப் பேச்சுதான்.

ஜப்பானின் ஒகினாவாவில் இருக்கும் அமெரிக்க மரைன் படையில் ஒரு பகுதியை குவாமுக்கு மாற்ற 2006-ல் ஒப்பந்தம். 8,000 வீரர்கள், குடும்பத்தார் 9,000 பேர் என்று பேச்சு. 2010-ல் வந்த சுற்றுச்சூழல் அறிக்கை, கட்டட வேலை உச்சத்தில் இருக்கும்போது சுமார் 79,000 பேர் கூடுவார்கள் என்றது. தீவின் மொத்த ஜனமே அப்போது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பள்ளிகளும் கல்லூரிகளும் பதறத்தானே செய்யும்? அப்புறம் 2012-ல் திட்டத்தையே சுருக்கி, சுமார் 5,000 வீரர்கள் போதும் என்றார்கள். 2020 கணக்கெடுப்பில் பார்த்தால் தீவின் ஜனத்தொகை 2010-ஐவிடக் குறைந்திருந்தது. ஒகினாவாவிலிருந்து முதல் நூறு பேர் போலக் கிளம்பியதே 2024 டிசம்பரில்தான்.

"வீரர்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருக்கிறதே, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். ஆமாம், 1997-லிருந்தே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அங்கே சொந்தமாகப் பள்ளி நடத்துகிறதாம். ஆனால் முகாம் கட்ட வருகிற கான்ட்ராக்டர் குடும்பம், கடை போட வருகிறவர், வேலை தேடிப் பக்கத்துத் தீவுகளிலிருந்து வருகிறவர், இவர்கள் பிள்ளைகள் எல்லாம் தீவின் அரசுப் பள்ளிக்குத்தான் வருவார்கள் என்றார். கூடச் சம்பளம் கிடைத்தால் நல்ல ஆசிரியர்கள் முகாம் பள்ளிக்கே போய்விடுவார்களோ என்ற பயம் வேறு.

நம் ஊரிலும் இதே கதைதானா? பார்த்தவர்கள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், எம்.ஆர்.சி. (மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், வெலிங்டன்)

டீச்சர் கேட்டதற்கு என் பங்கு. பட்டாளத்துப் பிள்ளைகளால் ஊருக்குப் பெரிய பாரம் இல்லை. 1963-ல் 20 ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்துத்தான் மத்திய அரசு இன்றைய கே.வி.க்களை (கேந்திரிய வித்யாலயா பள்ளிகள்) ஆரம்பித்தது. அங்கே மற்ற மத்திய அரசு ஊழியர்களோடு எங்களுக்கும் முதல் இடம். கடந்த ஏழு வருடத்தில் எத்தனை இடமாற்றம் என்று பார்த்து முன்னுரிமை தருவார்கள். ஸ்டாஃப் காலேஜ் அதிகாரிகள் பிள்ளைகள் ஜூன் வாக்கில் வந்து ஏப்ரலில் டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வருடா வருடம் ஆள் மாறும், தலை எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். இதற்குத் திட்டம் போடுவது சுலபம்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை, குன்னூர் பக்கம்

ஹவில்தார் ஐயா சொன்னது முகாம் கேட்டுக்கு உள்ளே நடப்பது. வெளியே நடப்பதை நான் சொல்கிறேன்.

குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்கு வருகிற அக்காக்கள், டிரைவர்கள், மெஸ் ஆட்கள், கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வரும் குடும்பங்கள். இவர்கள் பிள்ளைகள் வருவது எங்களிடம். ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளை இரண்டாம் வகுப்பில் உட்காரும், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பிறப்புச் சான்றோ டி.சி.யோ இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, நாங்களும் அனுப்புவதில்லை. எமிஸில் (அரசின் மாணவர் பதிவுத் தளம்) பழைய எண் இருக்காது, புதிதாகப் பதிய வேண்டும்.

கஷ்டம் எங்கே என்றால் ஆகஸ்டில். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பேரோ, அதை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிப்பார்கள். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கு. மழை ஓய்ந்து வேலை சூடுபிடிக்கும்போது வந்து சேர்கிற பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஏப்ரலுக்குள் காண்ட்ராக்ட் முடிந்து பாதிப் பேர் காணாமல் போவார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணினால், "உங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டதே" என்பார்கள்!

அந்தக் குவாம் டீச்சரை எனக்கு நன்றாகப் புரிகிறது.

கூடலூர்க்காரன்

இது பட்டாளக் கதை இல்லை, ஆனாலும் கேளுங்கள். இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியை இந்தியா திரும்ப ஏற்ற 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து மண்டபம் வழியாக வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை தரத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை போட்டது, இன்றைய டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்). எத்தனை குடும்பம் வரும், எந்த டிவிஷனில் குடிவைப்பது, எல்லாம் அரசுக்கு முன்கூட்டியே தெரியும். லைன் வீடு கட்டி, கொழுந்து பறிக்கக் கூடையும் கொடுத்தார்கள். என் அக்கா பள்ளிக்கு நடந்த தூரம் மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. யானை நடமாடும் வழி வேறு. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டாள். குவாமில் எண்ணிக்கை தெரியாமல் திண்டாடினார்கள், எங்களுக்கு எண்ணிக்கை தெரிந்தே இப்படி.

அருவங்காடு தம்பி

கூடலூர் அண்ணா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. எங்கள் வெடிமருந்துத் தொழிற்சாலை நூறு வருடம் தாண்டியது. அப்பா அங்கே அப்ரண்டிஸாகச் சேர்ந்து தொழில் கற்றவர், பக்கத்து ஹட்டிப் (படகர் கிராமம்) பையன்கள் பலரும் அப்படித்தான் நிமிர்ந்தார்கள். 2021-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட படைத்தளவாடத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்றியபிறகு, அதே வாசல் எங்கள் தலைமுறைக்குத் திறந்திருக்குமா என்பதுதான் வீட்டில் பேச்சு. குவாம் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் படிப்பு ஆரம்பித்தார்கள் என்று படித்தேன். கட்டட வேலை அத்தனை இருக்கும்போது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது நல்லதுதானே?

வெலிங்டன் கணக்கு டீச்சர்

நல்லதுதான் தம்பி, ஆனால் அதில் சேருவதற்குப் பள்ளிக் கணக்கு ஒழுங்காக வந்திருக்க வேண்டும். ஒன்றியப் பள்ளி டீச்சர், ஆகஸ்டுக்குப் பிறகு வருகிற பிள்ளைகளை எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை, குன்னூர் பக்கம்

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பை ஒரே அறையில் வைத்துத்தான். இந்தி தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் எனக்கு மொழிபெயர்ப்பாள். ஜனவரியில் இன்னொரு முறை தலை எண்ணச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். ஹவில்தார் ஐயா, முன்னாள் படைவீரர்கள் சார்பில் நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுவீர்களா?