பிதுக்குப் பருப்பா, ராஜ்மாவா?

கேள்வி (பாலக்கோடு):
மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி, அந்தப் பருப்பில் குழம்பு வைத்து ராகிக் களியுடன் உண்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு, உறவினர் ஒருவர் மொச்சை வாயுப் பண்டம் என்றும், அதை நிறுத்திவிட்டு ராஜ்மாவைச் சேர்க்க வேண்டும் என்றும் கூறுகிறார். இவற்றுள் எது நம் மண்ணுக்கு உரியது, எது உடலுக்கு நல்லது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (பென்னாகரம்):
ஐயா, ராஜ்மாவும் நாம் பொரியல் செய்யும் பீன்ஸும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மெக்சிகோப் பகுதியிலும் ஆண்டீஸ் மலைப்பகுதியிலும் தனித்தனியாகப் பயிராக்கப்பட்ட அந்த இனம், கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 1492க்குப் பின்னரே கடல் கடந்து மற்ற நாடுகளுக்குப் பரவியது. அவரையும் மொச்சையும் ஒரே இனம்; அது ராஜ்மாவின் இனத்திலிருந்து வேறானது. அதன் பூர்விகம் ஆப்பிரிக்கா என்றாலும், கர்நாடகத்தின் புதிய கற்கால ஊர்களை அகழ்ந்தபோதே அதன் விதைகள் கிடைத்துள்ளன. வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கைத் தவிர வேறு உணவு இல்லை என்று புறநானூற்றின் 335ஆம் பாடல் சொல்கிறது. அந்த நான்கில் நெல் இல்லை என்பது நம்மைப் போன்ற மானாவாரிக்காரர்களுக்குச் சற்றுப் பெருமைதான். ராகிக்கு இடையே சால் விட்டு மொச்சை விதைப்பதிலும் காரணம் உண்டு: அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றித் தருகின்றன.

பதில் (கிருஷ்ணகிரி):
உங்கள் அம்மா குறைக்க வேண்டியது குழம்பை அன்று, களியை. ராகி சிறந்த தானியம்தான். ஆயினும் அது பெரும்பாலும் மாவுச்சத்து என்பதால், பெரிய உருண்டையாக உண்டால் சர்க்கரை ஏறவே செய்யும். காய்ந்த மொச்சையிலும் ராஜ்மாவிலும் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் உண்டு. இரண்டும் மெதுவாகச் செரிப்பவை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களுள், தானியத்தில் குறைவாக உள்ள லைசின் பயறுகளில் நிறைவாகவும், பயறுகளில் குறைவாக உள்ள மெத்தியோனின் ராகியில் போதுமான அளவிலும் இருப்பதால், களியும் மொச்சைக் குழம்பும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ஆனால் தோலைப் பிதுக்கி எறியும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. ஆகவே சில நாள்களில் தோலோடும் சமைக்கலாம். வாயுத் தொல்லைக்குக் காரணம், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று நொதிக்கும் சில சர்க்கரைகள். அவை ராஜ்மாவிலும் உள்ளன. எனவே அந்தக் குற்றத்தை மொச்சையின் மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால், பயறுகளில் மிகுதியாக உள்ள பொட்டாசியத்தின் பொருட்டு மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் (தேன்கனிக்கோட்டை):
ராஜ்மா சமைப்பதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வேகாத சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம், சில விதைகளே உள்ளே சென்றாலும் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது. கொதிநிலைக்குக் கீழே இளஞ்சூட்டில் வேகவைத்தால் அது அழிவதில்லை. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குக்கரில் நசுங்கும் பதம் வரும்வரை வேகவிடுங்கள். காய்ந்த மொச்சையையும் அவ்வாறே ஊறிய நீரை நீக்கி நன்றாக வேகவைப்பது நல்லது.