புதுப்பிப்பு: மாதக் கடைசியில் நழுவிய தவணைத் தேதி

ஜனவரி 31-ல் தொடங்கும் மாதத் தவணை, பிப்ரவரிக்குப் பிறகு ஏன் 29-ஆம் தேதியிலேயே நின்றுவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில், எண்களையோ தேதிகளையோ வரிசையாக உருவாக்கித் தரும் ஜெனரேட் சீரீஸ் என்ற ஃபங்ஷனுக்குத் தொடக்கத் தேதியையும் ஒரு மாத இடைவெளியையும் கொடுத்திருந்தேன். அது முந்தைய விடையின் மேல்தான் அடுத்த மாதத்தைக் கூட்டுகிறது. 2024 ஜனவரி 31, பிப்ரவரி 29 ஆகிறது. அங்கிருந்து மார்ச் 29, ஏப்ரல் 29. ஒருமுறை நழுவிய தேதி பழைய இடத்துக்குத் திரும்புவதே இல்லை.

இப்போது 0, 1, 2 என்று வெறும் எண்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு மாதத்தால் பெருக்கி, தொடக்கத் தேதியோடு நேரடியாகக் கூட்டுகிறேன். பிப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30. சரியாக வருகிறது!

தேதிகளுக்குப் பதிலாக, ஐகேலண்டர் என்ற பொது நாட்காட்டி வடிவத்தில் ‘எப்போதெல்லாம் திரும்ப வரும்’ என்று சொல்லும் விதியையே சேமிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ‘மாதத்தின் 31’ என்று எழுதினால், 31 இல்லாத மாதங்களை அது தாண்டிப் போய்விடும். தவணைக்கு அது ஆகாது.

அப்புறம், தள்ளிவைத்த தவணைகளுக்குத் தனி டேபிள் போட்டேன். அதில் புதுத் தேதியோடு அசல் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். அசல் தேதியை வைத்துத்தான் மேலே உருவாக்கிய தேதிப் பட்டியலோடு அதை லெஃப்ட் ஜாயின் செய்கிறேன்; அதாவது, பட்டியலின் எல்லாத் தேதிகளையும் வைத்துக்கொண்டு, தள்ளிவைத்தவற்றுக்கு மட்டும் புதுத் தேதியை இணைக்கிறேன்.