திருகோணமலை வானத்தில் நீங்கள் கண்ட ரொக்கெட்டுகளும் செய்மதிகளும்: அனுபவப் பகிர்வு

உவர்மலையான்

2022 பெப்ரவரி 14ஆம் திகதி விடியற்காலை 5.59க்கு இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி சி52 ரொக்கெட்டை இங்குள்ளவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள் என்பதால், அதன் அழகை விரித்துரைக்கப் போவதில்லை. நான் டச் பே கடற்கரையில் கைத்தொலைபேசியில் நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சூரியன் எழ இன்னும் ஏறக்குறைய 25 நிமிடம் இருந்தது. கீழே இருளாகவும் மேலே வெயிலாகவும் இருக்கும் அந்த நேரத்தில், உயரத்தில் காற்றே இல்லாத இடத்தில் விரிந்த புகை வெயில் பட்டு, கடலில் மிதக்கும் சொறிமீனைப் போல வெண்மையாக எழுந்தது. நேரலை சில விநாடிகள் பிந்தி ஓடியதால், வானத்தில் நடந்து முடிந்ததையே தொலைபேசி எனக்குப் பிறகு அறிவித்துக்கொண்டிருந்தது.

என்னை இன்னும் விடாமல் உறுத்துவது ரொக்கெட் அல்ல. எனக்குப் பக்கத்தில், கரையேற்றிய படகின் ஓரத்தில் குந்தியிருந்து, வலைக்கண்களில் சிக்கிய பாசியை இழுத்து எறிந்துகொண்டிருந்த ஒரு முதியவர் தலையை மட்டும் நிமிர்த்தினார். கைகள் வேலையை நிறுத்தவில்லை. "இது எங்கட தலைக்கு மேலால வராது தம்பி. கிழக்கால ஒதுங்கிப் போய், பிறகுதான் தெற்கால திரும்பும். பாருங்கோ, இப்ப திரும்பும்" என்று அவர் சொன்னார். அது திரும்பியது. எரிந்து முடிந்த கட்டங்கள் இலங்கைத் தரையில் விழக்கூடாது என்பதற்காக பிஎஸ்எல்வி துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும்போது முதலில் தென்கிழக்காகச் சென்று பிறகு தெற்கே வளைகிறது என்பதை நான் இணையத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டவன். அவரோ நாடியால் வானத்தைச் சுட்டிக்காட்டி அதைச் சொல்லிவிட்டு, மறுபடியும் பாசியை எடுக்கத் தொடங்கிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

சாம்பல்தீவான்

நானும் அதே காலையில் சல்லிக் கரையில் நின்றேன். வடக்கே முகில் அடைத்திருந்ததால் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. ஆயினும் மேலே எழுதியவர் கூறும் இரண்டு விடயங்களை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதலாவதாக, டச் பேயில் நிற்பவருக்கு வடக்கே சுவாமி மலையும் கோட்டையும் மறைப்பாக நிற்கின்றன. ஸ்ரீஹரிகோட்டா நமக்கு நேர் வடக்கிலிருந்து சற்றே மேற்கில், ஏறக்குறைய 580 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. இரண்டாவதாக, பாதை வளைகிறது என்பது உண்மையானாலும், கண்ணுக்குத் தெரிந்த திருப்பம் அதுதான் என்று சொல்ல முடியாது. தொலைவில் நேர்கோட்டில் கடந்து செல்லும் எந்தப் பொருளும் வானக் கவிகையில் வில்லாகத்தான் தெரியும். விமானங்களைக் கவனித்தவர்கள் இதை அறிவார்கள்.

இனிப் பார்க்க விரும்புவோர் உப்புவெளிக்கு வடக்கே, கடல் வடகிழக்காகத் திறந்திருக்கும் இடத்துக்குப் போவதே நல்லது. நிலாவெளிக் கரை இன்னும் சிறந்தது, ஆனால் விடுதிகளின் விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து முட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உயரத்தை அளந்துகொள்ளலாம். நள்ளிரவு ஏவல்களுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனெனில் அப்போது தீப்பொட்டு ஒன்று மட்டுமே தெரியும். வெயில் பட்டு விரியும் புகைக்கு விடியலுக்குச் சற்று முன்போ அந்திக்குச் சற்றுப் பின்போ ஏவ வேண்டும். படம் எடுப்பவர்கள் தொலைபேசியை மணலில் குத்தி நிறுத்தாமல் ஒரு முக்காலி கொண்டு வரவும். தானியங்கிக் குவியத்தை நிறுத்தி, தொலைவுக்குப் பூட்டிவிடவும். நேரலை பிந்தி ஓடும் என்று அவர் எழுதியது மட்டும் சரி. சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்க்க விரும்புவோருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அது ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் 93 நிமிடத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றுகிறது. ஊரின் ஆள்கூற்றைக் கொடுத்தால் வரும் நேரத்தை விநாடிக் கணக்கில் சொல்லும் இணையத்தளங்கள் உள்ளன.

கிண்ணியா மகன்

யாரும் ஸ்டார்லிங்க் இணையச் செய்மதிகளின் வரிசையைப் பற்றி எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். 2022 நோன்பு காலம், மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்கள். நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, வெக்கை தாங்காமல் தெருவே முற்றத்துக்கு வந்திருந்தது. அப்போது தென்மேற்கிலிருந்து ஒளிப்பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி தவறாமல், ஓசையே இல்லாமல் ஏறி வந்தன. சாச்சா கடற்படையின் ட்ரோன் என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைவிடப் பெரிய செய்தி ஒன்றைச் சொன்னார், அதை இங்கே எழுத விரும்பவில்லை. உம்மம்மா மட்டும் எதுவும் பேசாமல் கையிலிருந்த தஸ்பீஹ் மணியில் ஒரு விளக்குக்கு ஒரு மணியாக நகர்த்திக்கொண்டிருந்தார். முப்பத்துமூன்று மணியும் முடிந்து, முடிச்சைத் தாண்டி இரண்டாம் சுற்றில் விரல் நடந்தபோதுதான் கடைசி விளக்கு பூமியின் நிழலுக்குள் போய் அணைந்தது. "எல்லாம் ஒரே வீட்டுப் புள்ளையள்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். ஒரே ரொக்கெட்டில் போனவை என்று நான் விளக்க வாயெடுப்பதற்கு முன்னரே அவர் அதைச் சொல்லிவிட்டார்.

லிங்கநகர் அலைவரிசை

நான் பார்த்தது அல்ல, கேட்டது. விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹேர்ட்ஸில் சில வேளைகளில் எஸ்எஸ்டிவி என்னும் முறையில் படங்களை ஒலியாக மாற்றி அனுப்புவார்கள் என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் இரும்பு அளவுநாடாவைத் துண்டுகளாக வெட்டி அன்ரனா செய்திருந்தேன். அதைப் பற்றி வீட்டில் நடந்ததைத் தவிர்த்துவிடுகிறேன். தொலைக்காட்சிக்கென்று வந்து, உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லினால் வேறு பல அலைவரிசைகளையும் கேட்க உதவும் அந்த மலிவான யுஎஸ்பி அலைவாங்கியை மடிக்கணினியில் செருகி, ஒலிபெருக்கிக்கு முன்னே ஒலியைப் படமாக மாற்றும் ரோபோட் 36 செயலியைத் திறந்த தொலைபேசியை வைத்தேன். இடையில் கம்பி எதுவும் இல்லை. தொலைபேசி காதால்தான் கேட்டது.

எஸ்எஸ்டிவி வகைகளில் ஒன்றான பிடி120 முறையில் ஒரு படம் வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். மேலிருந்து வரி வரியாக நீலமும் வெள்ளையுமாக இறங்கி, பாதிப் படம் சுத்தமாக வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சந்தியில் பாண் ஆட்டோ தன் மெட்டைப் போட்டுக்கொண்டு திரும்பியது. இந்த முறையில் 1500 ஹேர்ட்ஸ் கறுப்பு, 2300 ஹேர்ட்ஸ் வெள்ளை என்று ஒலியின் சுருதியே நிறத்தின் அடர்த்தியாக மாறுகிறது. ஆகவே ஆட்டோ எங்கள் வாசலைக் கடக்கும் வரை படத்தின் நடுவே அந்த மெட்டு கிடைக்கோடுகளாகப் பதிந்துகொண்டே போனது. ஆட்டோ தூரப் போகப் போகக் கோடுகள் மெலிந்து, அடியில் மறுபடியும் தெளிவான படம். அம்மா பாண் வாங்க இறங்கிப் போனார். அந்தப் படத்தை அழிக்க மனம் வரவில்லை. பிறகு வந்த சுத்தமான படங்கள் எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

சாம்பல்தீவான்

தம்பி, ஒலியைக் கணினிக்குள்ளேயே செயலிக்கு நேராகக் கொடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாண் ஆட்டோவைக் குறை சொல்லத் தேவையில்லை. வானிலைச் செய்மதிப் படங்களுக்கு இனி அமெரிக்காவின் நோவா 15, 18, 19 ஆகியவற்றைத் தேட வேண்டாம், மூன்றையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். ரஷ்யாவின் மெற்றியோர் செய்மதிகள் 137.9 மெகாஹேர்ட்ஸில் இருக்கின்றன. கேட்பதோடு நில்லுங்கள், ஒலிபரப்புவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கிண்ணியா நண்பருக்கு ஒரு சொல்: முதல் ஸ்டார்லிங்க் தொகுதி 2019 மே மாதத்தில் 60 செய்மதிகளுடன் போனது, பின்னர் வந்த தொகுதிகள் பலவற்றில் அதைவிடக் குறைவு. எனவே உங்கள் உம்மம்மாவின் கணக்கு முற்றிலும் பொருந்துகிறது.

லிங்கநகர் அலைவரிசை

நான் பாண் ஆட்டோவைக் குறை சொல்லவே இல்லை, ஐயா.

உவர்மலையான்

சுவாமி மலை பற்றிய தடைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரு கிலோமீற்றர் தொலைவில் நூறு மீற்றருக்குச் சற்று மேலான பாறை ஆறு அல்லது ஏழு பாகையைத்தான் மறைக்கும். நூற்றைம்பது கிலோமீற்றர் உயரத்தில் ஏறிவிட்ட ரொக்கெட் நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தாலும் நீங்கள் சொன்ன முட்டிக் கணக்கில் இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும். முதல் கட்டத்தை நான் பார்க்கவில்லை என்பது சரி, பார்த்ததாக எழுதவும் இல்லை.

திருப்பம் கண்ணின் மயக்கம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பெரியவர் அது நடப்பதற்கு முன்னரே சொன்னார். 1993இலிருந்து பிஎஸ்எல்வி பறக்கிறது. யுத்த காலத்தில் இரவுத் தொழிலுக்குத் தடை இருந்தபோது கரையில் குந்தியிருந்தே அவர் எத்தனை ஏவல்களைப் பார்த்தாரோ. தமிழ்நாட்டில் குலசேகரன்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டிய தளம் இயங்கத் தொடங்கினால், சிறிய ரொக்கெட்டுகள் அங்கிருந்து இலங்கைக்கு மேற்கே நேராகத் தெற்கு நோக்கிப் போய்விடும். அவை மன்னாருக்கும் புத்தளத்துக்கும் காட்சியாகும். இங்கே மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால், இந்தப் பாதையைப் பற்றித் தொழிலுக்குப் போகும் மூத்தவர்கள் வேறு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.