வாத்து ஊதல்: குழலுக்குள் செருகு இறுகிவிட்டது, நாக்கும் ஒட்டுகிறது. எங்கே தப்பு?

புதுக்கடைசல்:
லேத்தில் கடைந்த வாத்து ஊதல் (வாத்துக் குரலில் கத்தும் ஊதல்). குழல் (வாய் வைக்கிற பாகம்) புளியமரம், வெட்டி மூன்று மாதம் ஆன பலகை. செருகு (நாக்கு உட்காரும் பாகம்) பழைய கதவு நிலையில் எடுத்த தேக்கு. குழல் துளை 16 மி.மீ., செருகின் கழுத்து 15.8 மி.மீ., நடுவில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). நாக்கு (ஊதும்போது அதிர்ந்து சத்தம் தரும் தகடு) 0.35 மி.மீ. மைலார் பிளாஸ்டிக், ஒற்றை நாக்கு.

கடைந்த அன்று விரலால் தள்ளினாலே செருகு போய் வந்தது. இரண்டு வாரத்தில் இறுகிப்போய், ரப்பர் துணி சுற்றித் திருகித்தான் வெளியே எடுக்க முடிந்தது. குழலின் வாய்ப்பக்க நுனியில் மயிரிழை வெடிப்பு ஒன்று. பத்து நிமிடம் ஊதினால் நாக்கு ஒட்டிக்கொண்டு சத்தமே நின்றுவிடுகிறது. கழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?

வைரக்கட்டை:
கழுத்தில் கை வைக்காதீங்க. அது காய்ந்த தேக்கு, தப்பு அங்கே இருக்க வாய்ப்பு குறைவு. வெர்னியரின் உள்தாடையால் குழல் துளையை இரண்டு திசையில் அளந்து போடுங்க: வருட வளையக் கோடு ஓடும் போக்கில் ஒரு தடவை, அதற்குக் குறுக்கே ஒரு தடவை.

அதே பலகையின் துண்டு ஏதாவது பையில் கட்டி வைத்தது இருக்கா? இருந்தால் எடை போட்டு, 103 டிகிரி ஓவனில் வைத்து, எடை இறங்குவது நிற்கும் வரை காயவிட்டு மறுபடி எடை போடுங்க. இறங்கிய எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈர சதவீதம்.

புதுக்கடைசல்:
அளந்தேன். வளையப் போக்கில் 15.65, குறுக்கே 15.85. பாலிதீன் பையில் கிடந்த துண்டு 42 கிராம், காய்ந்த பிறகு 35.

வைரக்கட்டை:
7-ஐ 35-ஆல் வகுத்தால் 20 சதவீதம். சரியாகக் காயாத மரத்தைக் கடைந்திருக்கீங்க.

மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. வளையப் போக்கில் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டை சுருங்கினால் துளையும் கூடவே சுருங்கும்; துளை பெரிதாகும் என்று பலர் நினைப்பது தப்பு. உங்கள் துளை ஒரு பக்கம் 0.35, மறு பக்கம் 0.15 குறைந்து முட்டையாகிவிட்டது. 15.8 கழுத்து 15.65-இல் இறுகாமல் என்ன செய்யும்? கழுத்தைத் தேய்த்திருந்தால் இன்றைக்குச் சரியாகப் போகும், அகலப் பக்கம் காற்று கசியும், அடுத்த மாதம் மறுபடி இறுகும்.

செய்ய வேண்டியது: குழலின் இரண்டு நுனியிலும் மெழுகு பூசி நிழலில் வையுங்க. வாரம் ஒரு முறை எடை. அடுத்தடுத்து இரண்டு முறை எடை மாறாமல் இருந்தால்தான் அடுத்த வேலை. அப்போதும் துளை போட்ட 16 மி.மீ. பிட்டைத் திரும்ப ஓட்டாதீங்க, முட்டைத் துளையில் பிட் கடித்து இழுத்துக் குழலையே பிளந்துவிடும். 15 மி.மீ. உருட்டுக் கட்டையில் 120 உப்புத்தாள் சுற்றி, லேத்தை மெதுவாக ஓட்டி, குறுகிய பக்கம் 16 வரும் வரை தேய்த்தால் போதும்.

வெடிப்பும் அதே கதைதான். நுனி வழியே ஈரம் வேகமாக வெளியேறும், நடு பின்தங்கும். முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீர் போல ஓடுகிற சூப்பர் க்ளூவை வெடிப்பில் விட்டு, நுனியில் ஒரு பித்தளைப் பூண் இறக்குங்க. காயும் முன் ஒட்டினால் பக்கத்திலேயே வேறொன்று வெடிக்கும்.

அடுத்த கட்டைக்கு: வெளியே 6 மி.மீ. கூடுதலாக விட்டு, முதலில் 13 மி.மீ. துளை மட்டும் போட்டுக் காயவிட்டு, பிறகு 16-க்குப் போங்க. வேகம் 500 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், 10 மி.மீ.-க்கு ஒரு தடவை பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்க. தூள் கருகிய வாசனை வந்தால் வெடிப்புக்கு விதை போட்டாச்சு.

சுருள்சீவல்:
நாக்கு ஒட்டுவது தனி விஷயம், குழலோடு முடிச்சுப் போட வேண்டாம். ஒட்டிய உடனே செருகை எடுத்து, நாக்கின் இரண்டு பக்கத்தையும் அது படுக்கும் மேடையையும் துணியால் துடைத்து ஊதிப் பாருங்க. சத்தம் திரும்பினால் எச்சில் படலம். திரும்பாவிட்டால் மேடை ஈரம் குடித்து உப்பியிருக்கு.

கூடவே, செருகைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நாக்குக்கும் மேடைக்கும் நடுவில் தெரியும் கீற்றைக் கவனியுங்க. நாக்கை இறுக்கிப் பிடிக்கும் தக்கை அழுத்தும் இடத்தில் கீற்றே இருக்கக்கூடாது. அங்கிருந்து நுனி வரை சீராக அகன்றுகொண்டே போகணும். மேடையை எந்த நம்பர் தாள் வரை தேய்த்தீங்க?

மரத்தூசி:
செருகைச் சமையல் எண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டால் எச்சில் ஏறாதே?

சுருள்சீவல்:
வேண்டாம். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் மரத்துக்குள் இறுகாது. சிக்குப் பிடித்து நாக்கை இன்னும் ஒட்டவைக்கும். மேடைக்குக் காப்பு வேண்டுமென்றால் மெலிதாக்கிய பாலியூரித்தேன் வார்னிஷில் முக்கி எடுத்து, காற்றுப் பள்ளத்தில் தேங்கியதை உடனே ஊதித் தள்ளித் தொங்கவிடுங்க. வாசனை முழுக்கப் போகும் வரை வாயில் வைக்கக்கூடாது.

புதுக்கடைசல்:
துடைத்ததும் சத்தம் வந்துவிட்டது. 2000 வரை தேய்த்திருந்தேன், கண்ணாடி மாதிரி இருக்கு. கீற்று பாதி வரை அகன்று, நுனியில் அப்படியே சமமாக நிற்கிறது.

சுருள்சீவல்:
இரண்டும் சேர்ந்துதான் ஒட்டுது. வழவழப்பான தட்டையில் ஈரம் பட்டால் நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டு மாதிரிதான். 400 தாளை நீளவாக்கில் மட்டும் இழுத்துப் பளபளப்பை எடுங்க. பிறகு நுனி மூன்றில் ஒரு பங்கை மட்டும் இரண்டு இழுப்பு, ஊதிப் பார்ப்பு, மறுபடி இரண்டு இழுப்பு. வளைவு அதிகமானால் ஒட்டாது, ஆனால் மூச்சு முட்ட ஊதினால்தான் சத்தம் வரும். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. நாக்கை வெட்டுவது கடைசியில். நீளம் குறைந்தால் சுருதி ஏறிக் குரல் கீச்சாகும், அதனால் ஒரு தடவைக்கு அரை மி.மீ.-க்கு மேல் வேண்டாம். வெட்டிய நுனியின் இரண்டு மூலையையும் சாய்வாகக் கிள்ளிவிடுங்க.

புதுக்கடைசல்:
நன்றி. குழல் காயும் வரை மேடை வேலையை முடித்துவிடுகிறேன். அடுத்ததற்கு அரளிக் கட்டை ஒன்று நன்றாகக் காய்ந்து கிடக்கிறது, எடுக்கலாமா?

வைரக்கட்டை:
கூடவே கூடாது. அரளி கட்டை, இலை, பால் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம், காய்ந்தாலும் போகாது. வாயில் வைக்கிற சாமானுக்கு அதுவும் தில்லை மரமும் லேத் பக்கமே வரக்கூடாது. காய்ந்த வேம்பு இருந்தால் எடுங்க, லேசாகக் கசக்கும், அவ்வளவுதான்.