எலுமிச்சைக் கன்று நான்கு மாதமாக நான்கு விரலைத் தாண்டவில்லை, வேம் (VAM என்ற வேர்ப்பூசண உரம்) போட்டும் பலன் இல்லை

புளியங்குடிக்காரன்:
வணக்கம். சின்ன நாற்றங்கால் வைத்திருக்கிறேன், எலுமிச்சை விதைக்கன்று 600 பை. போன வருடம் நாற்றழுகலில் பாதி போய்விட்டது. அந்தப் பயத்தில் இந்த முறை செம்மண், மணல், தொழு உரக் கலவைக்குக் கிருமி கொல்ல ஃபார்மலின் ஊற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, வாடை போன பிறகுதான் பையில் நிரப்பினேன். அழுகல் சுத்தமாக இல்லை. ஆனால் கன்று வளரவே மாட்டேன் என்கிறது. இலை சிறுத்து, பொலிவில்லாமல் நிற்கிறது. டிஏபி உரம் கரைத்து இரண்டு முறை ஊற்றினேன். வேம் பொடி வாங்கிப் பையின் மேலே தூவினேன். நாலு நாள் கழித்து முன்ஜாக்கிரதையாகக் கார்பன்டாசிம் பூசணக்கொல்லியும் ஊற்றினேன். வாசல் ஓரத்தில் இருக்கும் 15 பை மட்டும் ஒரு சாணுக்கு மேல் வந்து பளபளவென்று நிற்கின்றன. அதே விதை, அதே தண்ணீர்.

கரிசல்மண்:
ஜிங்க் (துத்தநாகம்) குறைபாடு மாதிரி தெரிகிறது. ஜிங்க் சல்பேட் தெளித்துப் பாருங்கள்.

பழைய நர்சரி:
தம்பி, ஜிங்க் இருக்கட்டும். அந்த 15 பைக்கும் மண் எங்கே எடுத்தீர்கள்?

புளியங்குடிக்காரன்:
கலவை தீர்ந்துபோச்சு அண்ணே. பக்கத்துச் சோளக்கொல்லை மண்ணை அப்படியே அள்ளிப் போட்டேன். அதற்கு ஃபார்மலின் போடவில்லை.

பழைய நர்சரி:
விடை அங்கேதான் இருக்கிறது. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி எல்லாவற்றுக்கும் வேர்த்தூவி ரொம்பக் குறைவு. மண்ணில் உள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தானாகத் துழாவி எடுக்க முடியாது. வேருக்குள் குடியிருக்கும் வேம் பூசணம்தான் மயிரிழையை விட மெல்லிய நூலை வெளியே விட்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்து, துத்தநாகம், செம்பு எல்லாம் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குக் கன்று சர்க்கரை தரும். ஃபார்மலின் அழுகல் பூசணத்தோடு இதையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. இது புதுசு இல்லை. அமெரிக்காவில் மண்ணில் கிருமி கொல்லப் புகைமருந்து போட்ட நாற்றங்கால்களில் இதே மாதிரி நாரத்தைக் குடும்பக் கன்றுகள் குட்டையாக நின்றன. அதற்கு இந்தப் பூசணம் இல்லாததுதான் காரணம் என்று கிளைன்ஷ்மிட், கெர்டெமன் என்ற இருவர் 1972இல் எழுதினார்கள்.

இனி நீங்கள் செய்தது. வேம் உயிருள்ள வேரில் மட்டும்தான் வளரும். மேலே தூவினால் வெயிலில் காய்வதுதான் மிச்சம். விதைக்கும்போதே விதைக்குக் கீழே ஒரு படலமாக வைத்திருக்க வேண்டும். டிஏபியில் உள்ள மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் கன்று பூசணத்தை உள்ளே விடாது. கார்பன்டாசிம் பற்றிச் சொல்லவே வேண்டாம், காசு கொடுத்து வாங்கி வந்ததை நீங்களே கொன்றுவிட்டீர்கள்.

மண்புழு:
என் பையில் வெள்ளை வெள்ளையாக நூல் தெரிகிறது. அதுதானே வேம்?

பழைய நர்சரி:
இல்லை. அது மட்கும் பொருளைத் தின்னும் வேறு பூசணம். வேரில் ஏறிய வேம், சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். கண்ணில் தெரிகிற மாதிரி விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

கரிசல்மண்:
சரி, அப்படியானால் நல்லா காய்க்கிற பழைய எலுமிச்சை மரத்தடி மண்ணை ஒரு பிடி போட்டால் போதுமே?

பழைய நர்சரி:
வேம் இருக்கும்தான். கூடவே வேரழுகல் பூசணமும் நூற்புழுவும் வரும். அந்த வம்பு வேண்டாம். சோளம், மக்காச்சோளம் விளைந்த மண் நல்லது.

தம்பி, டிஏபியையும் கார்பன்டாசிமையும் நிறுத்துங்கள். நானாக இருந்தால் மூன்று வாரமாவது இடைவெளி விடுவேன். அப்புறம் பென்சில் கனக் குச்சியால் தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி மூன்று குழி, சல்லிவேர் ஆழம் வரை. பைக்கு 10 கிராம் வேம், அதையே மூன்றாகப் பிரித்துப் போட்டு மூடுங்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு நுண்ணுயிர் உரத்தையும் தொழு உரத்தில் கலந்து மேலே இடலாம். முதலாவது வேரைக் கிளைக்க வைக்கும், இரண்டாவது இறுகிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கும், பூசணம் அதைத் தூக்கி வரும். அழுகலுக்குச் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா போதும், வேமுக்குத் தொந்தரவு இல்லை.

புளியங்குடிக்காரன்: (மூன்று மாதம் கழித்து)
அண்ணே, சொன்னபடி செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்க 30 பையைத் தொடாமல் விட்டேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஆறாவது வாரம் பெரும்பாலான பைகளில் புதுத்தளிர் வந்து, இலை அகலமாகிவிட்டது. விட்டுவைத்த 30 இன்னும் அப்படியே. கழுத்து வரை மண் ஏறியிருந்த நாற்பது கன்று மட்டும் போய்விட்டது. அடுத்த விதைப்புக்கு வேமைப் பெருக்கச் சோளக்கொல்லை மண்ணும் கொஞ்சம் வேமும் போட்டு, இரண்டு சிமெண்ட் தொட்டியில் மக்காச்சோளம் விதைத்திருக்கிறேன். வேரோடு நறுக்கிக் கலக்கலாம் என்று யோசனை. மக்காச்சோள விதை தீர்ந்தால் கேழ்வரகு ஆகுமா?

பழைய நர்சரி:
ஆகும். வெங்காயமும் ஆகும். கடுகு, முள்ளங்கி வேண்டாம், அந்தக் குடும்பத்து வேரில் இது ஏறாது.